ஒக்காஹுக் கரையில் நான் பிடித்த விரதம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே ஒரு தகவல் பலகை நட்டிருந்தாலும் அதன் முன்னால் நின்று கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் நகரமாட்டேன். இந்த ஓக்லாந்து நகரத்துக் கடற்கரை முழுக்கப் பலகைகள். இங்கே யார் கோட்டை கட்டியிருந்தார்கள், எந்தக் கப்பல் எந்தப் பாறையில் மோதியது, இந்தப் புனித மரத்தை யார் வெட்டினார்கள் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். என் கணவர், “உந்தப் பலகை எங்கையும் ஓடிப்போகாதப்பா, வாரும்” என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு கோடையில் என்னோடு நடக்க வருவதையே விட்டுவிட்டார். அவருக்கு மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுப் பின்வளவும் நாலு தக்காளிச் செடியும் போதும். நான் சனிக்கிழமைக் காலைகளில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மிஷன் பே கடற்கரைக்குப் போவேன். அங்கிருந்து கரையோரமாக ஒக்காஹுக் குடா வரைக்கும் நடந்து, திரும்பி வருவேன்.

இந்த ஊர் வெயில் பார்க்கத்தான் சாது. பத்து மணிக்குள் நடந்து முடிக்காவிட்டால் மூக்கு உரிந்துவிடும். அதனால் எட்டரைக்கே போய்விடுவேன். தொப்பி, கிரீம், தேத்தண்ணிப் போத்தல், நூலகத்தில் எடுத்த ஏதாவது ஒரு சரித்திரப் புத்தகம். தனியாக நடக்கும்போது பலகையை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அதை எனக்கு நானே தமிழில் சொல்லிப் பார்ப்பேன், வாய்விட்டு. விசர் என்று நினைப்பார்களே என்ற வெட்கம் எல்லாம் எனக்குக் கிடையாது. இங்கே யாருக்கு விளங்கப்போகிறது?

அப்படித்தான் ஒரு நாள் பழைய கல்லுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் குரல் வந்தது.

“கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ அக்கா. எனக்கும் விளங்கட்டும்.”

திரும்பிப் பார்த்தேன். என்னைவிட ஆறேழு வயது இளையவள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால் விரல்களை மணலில் புதைத்தபடி இருந்தாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு நான் உண்மையாகவே பலமாகச் சொன்னேன்.

அவள் மேட்டுப் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரி. சனிக்கிழமைகளில் வேலை பதினொரு மணிக்கு. வீடு தூரத்தில், பிளாட் புஷ் என்ற புறநகரில். மோட்டர்வே நெரிசலுக்குப் பயந்து வேளைக்கே புறப்பட்டு வந்துவிடுவாள். வேலை தொடங்கும் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அடுத்த சனியும் வந்தாள். அதற்கடுத்த சனியும். இரண்டு கோடைகள் நாங்கள் இருவரும் அந்தக் கரையில் நடந்தோம்.

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப்பேர். கோயிலில் கண்டால் கதைப்போம், கலியாண வீட்டில் கண்டால் புடவையைப் பார்ப்போம். சிநேகிதி என்று சொல்ல எனக்கு அவள் ஒருத்திதான் கிடைத்தாள். என்னை ‘ரீச்சர்’ என்று கேலி பண்ணுவாள். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாத கேள்விகளாகக் கேட்பாள்.

“அந்தக் காலத்திலை கப்பலிலை வந்து இறங்கின பொம்பிளையள் எங்கை குளிச்சிருப்பினம்?”

“அது எழுதேல்லையப்பா.”

“முக்கியமானதை ஒண்டும் எழுதமாட்டாங்கள்!”

அவளுக்குச் சொல்வதற்கென்றே கிழமை முழுக்கப் படிப்பேன். அவளால்தான் நான் முதன்முதலாக இந்தக் கடலில் கால் நனைத்தேன். ஐஸ் தண்ணி. “ஐயோ கடவுளே!” என்று கத்தினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த புதிதில் நான் ஆட்கள் வேலை முடித்துப் போன கந்தோர்களைக் கூட்டித் துடைத்த கதையை, ஒரு நாள் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அழுத கதையை, கணவருக்குக்கூடச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தன்னுடைய கதை எதையும் பதிலுக்குச் சொல்லவில்லை. அது அவளின் சுபாவம் என்று நினைத்தேன்.

சாப்பாடு நான் கொண்டுபோவேன். ரோல்ஸ், வடை, சில நாள் சம்பல் பூசிய பாண். அவள் ருசித்துச் சாப்பிடுவாள். அவள் பங்குக்கு எப்போதும் ஒரு பிஸ்கட் பைக்கற், கடையில் வாங்கியது, உடைக்காதது.

“பேர் சமையல்காரி. கொண்டுவாறது கடைப் பிஸ்கட்” என்று சீண்டுவேன்.

“அங்கையும் சமைச்சு இஞ்சையும் சமைச்சு என்ரை கை ஓய்ஞ்சுபோச்சு அக்கா” என்பாள்.

நான் நம்பினேன். வேறு காரணம் இருக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. அந்தக் காரணத்தை யோசிக்கத் தேவையில்லாத வீட்டில் பிறந்தவள் நான்.

இனி என் கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாளே கேட்டேன்:

“ஊரிலை எந்த இடம்?”

“வடமராட்சிப் பக்கம் அக்கா.”

“வடமராட்சியிலை எவடம்?”

“உள்ளுக்கு. அங்கை பாருங்கோ, எவ்வளவு பெரிய கப்பல்!”

இன்னொரு நாள் எந்தக் கோயிலடி என்று கேட்டேன். அப்பா என்ன செய்தவர் என்று கேட்டேன். எந்தப் பள்ளிக்கூடம், ஆர் படிப்பித்தவை என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் எதற்கு என்று தெரியும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள். ஊரைக் கேட்போம், பிறகு ஒழுங்கையைக் கேட்போம், பிறகு கோயிலைக் கேட்போம். மூன்றாவது கேள்வியில் ஆளைப் பிடித்துவிடலாம். யாராவது என்னிடம் அப்போது, ‘நீ சாதியைக் கேட்கிறாய்’ என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்குச் சரித்திரத்தில் ஆர்வம், மனிசரின் சரித்திரத்திலும் ஆர்வம், அவ்வளவுதான் என்று சாதித்திருப்பேன். நல்ல சரித்திரம்!

இரண்டாவது கோடை. தை மாதக் கடைசி, இங்கே அது நடுக்கோடை. ரொறன்ரோவில் இருக்கும் என் மூத்த அக்காவோடு ஞாயிறு காலையில் கதைப்பது வழக்கம். அங்கே அப்போது இன்னும் சனிக்கிழமை. பேச்சுவாக்கில் கடற்கரைச் சிநேகிதியைப் பற்றிச் சொன்னேன். அக்கா உடனே கேட்டா: “ஆரின்ரை பிள்ளை?”

“தெரியாதக்கா. வடமராட்சிப் பக்கமெண்டு மட்டும் சொல்லுறா.”

“பக்கமோ?” என்று அக்கா இழுத்தா. “பக்கமெண்டு சொல்லுற ஆக்கள் எதையோ மறைக்கினம். தகப்பன்ரை பேர் தெரியுமே?”

தெரியும். அவள் ஒரு நாள் தன்னையறியாமல் தகப்பனின் பெயரைச் சொல்லியிருந்தாள். இன்னொரு நாள் பள்ளிக்கூடத்தையும். இரண்டையும் நான் மறக்கவில்லை. இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன்.

“பொறு, நான் விசாரிக்கிறன்” என்றா அக்கா.

அந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், எனக்கும் அறிய வேண்டும் போல் இருந்தது. எங்கள் சனம் உலகம் முழுக்கச் சிதறினாலும் இந்த விசாரிப்பு மட்டும் சிதறவில்லை. கலியாணம் பேசும்போது நாங்கள் செய்கிற வேலை அது. ரொறன்ரோவில் ஒருவர் லண்டனில் ஒருவரைக் கேட்பார், அவர் ஊரில் ஒருவரைக் கேட்பார், மூன்று நாளில் பதில் வந்துவிடும். நான் ஒரு சிநேகிதிக்கு அதைச் செய்தேன்.

புதன்கிழமையே அக்காவின் அழைப்பு வந்தது.

“எங்கடை ஆக்கள் இல்லையடி. நான் நினைச்சது சரி.” ஆர் என்றும் சொன்னா. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. “சாப்பாடு தண்ணி எல்லாம் புழங்கிறியே?”

“இந்தக் காலத்திலை உதென்ன கதையக்கா?” என்று நான் உறைக்கத்தான் கேட்டேன். பிறகு, யாரும் என் கழுத்தைப் பிடிக்காமலே, “அவ பிஸ்கட்தான் கொண்டுவாறவ” என்றும் சொன்னேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. முதலாவது வாக்கியம் மேடைக்கு. இரண்டாவதுதான் நான்.

சனிக்கிழமை வழமைபோலப் போனேன். எதையும் காட்டிக்கொள்வதில்லை, ஒன்றும் மாறவில்லை என்று காரில் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அன்றைக்கு விடியவே புழுக்கம். போஹுட்டுகாவா மரங்களின் சிவப்புப் பூ அநேகமாகக் கொட்டி முடிந்து நடைபாதை ஓரம் தும்பாகக் கிடந்தது. நான் வடை சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று என்னைக் கேட்டால் நேரமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். மிஷன் பே கரையில் ஒரு கடையில் கோப்பியும் புளூபெரி மஃபினும் வாங்கித் தின்றுகொண்டே நடந்தேன். வழமையான இடத்தில் காத்திருந்த அவளுக்கும் ஒன்று வாங்கவா என்று கேட்டேன். “வேண்டாமக்கா, பிறகு” என்றாள். தோளில் ஒரு துணிப்பை. முகத்தில் ஏதோ ஒரு பதற்றம் இருந்ததை இப்போது நினைக்கும்போதுதான் காண்கிறேன்.

ஒக்காஹுக் குடாவுக்கு வந்ததும் நான் என் பாட்டை ஆரம்பித்தேன். அந்தக் கரையில் இந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் ஊர் ஒன்று இருந்தது. அவர்களின் தேவாலயமும் இடுகாடும் இன்றைக்கும் அங்கேதான். நகரம் வளர்ந்தபோது நகரத்தின் கழிவுநீர்க் குழாயை அவர்களின் வாசலுக்கு முன்னால், கடற்கரையோரமாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் மட்டி பொறுக்கித் தின்ற கடலிலேயே கழிவு கலந்தது. பிறகு கரையோரத் தெருவை உயர்த்திப் போட்டார்கள். மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊர் சேறாகியது. கடைசியில் அந்த இடம் சுகாதாரக்கேடு என்று சொல்லி ஆட்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்பிவிட்டு வீடுகளை எரித்தார்கள். இதை நான் அவளுக்கு முன்னமே இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கடைசி வரியில் என் குரல் உயர்ந்துவிடும்.

“ஏனக்கா, அந்தக் குழாயை அவையின்ரை வீட்டு முத்தத்துக்கு முன்னாலை போடவேணுமெண்டு ஆர் முடிவெடுத்தது?” என்று கேட்டாள். அவள் அதை முன்பு ஒரு நாளும் கேட்டதில்லை.

“முடிவெடுத்தவை தங்கடை வீட்டு முத்தத்திலை போடுவினமே? அவையைத் தங்களைப்போல மனிசரா நினைக்கேல்லை. அதுதான் காரணம்” என்றேன், கையை ஆட்டி ஆட்டி.

அவள் தலையாட்டினாள். ஒரு வாங்கில் இருந்தோம். துணிப்பையைத் திறந்தாள். துவாயால் சுற்றிய எவர்சில்வர்ப் பெட்டி. மூடியைத் தூக்கியதும் ஆவி வந்தது.

“விடியவெள்ளன எழும்பி அவிச்சனானக்கா. மோதகம்” என்று சொல்லி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளின் கையால் சமைத்தது. ஏலக்காய் மணத்தது. எனக்கு மோதகம் என்றால் உயிர். அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. என் கை மடியிலேயே கிடந்தது. நான் சொன்னேன்:

“ஐயோ, எனக்கு இண்டைக்கு விரதமப்பா.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தாள். அங்கே என் மற்றக் கையில் மஃபின் சுற்றியிருந்த கடதாசி கசங்கிக் கிடந்தது. முட்டை போட்ட மஃபின். அதன் பொருக்கு என் சட்டையிலும் ஒட்டியிருந்தது.

“சரியக்கா” என்றாள்.

நீட்டிய மோதகத்தை அவளே தின்றாள். அவசரப்படாமல், கடலைப் பார்த்தபடி, முழுவதையும். பிறகு பெட்டியை மூடித் துவாயால் சுற்றிப் பைக்குள் வைத்தாள். “வேலைக்கு நேரமாச்சு” என்று எழும்பினாள். மணி பத்துக்கூட ஆகவில்லை. நான் பின்னால் போகவில்லை. ‘நில்லும், ஒண்டு தாரும்’ என்று கத்தியிருந்தால் திரும்பியிருப்பாளோ தெரியாது. அவள் நடைபாதை வளைவில் மறையும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

அடுத்த கிழமை, வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதற்கடுத்த கிழமை நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தனியாக நடந்து பார்த்தேன். ஒரு பலகையையும் வாசிக்க முடியவில்லை. கடைசியில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, “வாங்கித் திண்டிருக்கலாமேயப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். “உமக்கென்ன தெரியும்?” என்று அந்தப் பாவி மனிசன்மேல் பாய்ந்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு பின்னேரம் பிளாட் புஷ்ஷுக்குப் போனேன். அவளின் கார் பழுதான ஒரு நாள் நான் அவளை வீட்டில் இறக்கிவிட்டிருந்ததால் இடம் தெரியும். எல்லா வீடும் ஒரே அச்சு. இரண்டு தெரு சுற்றித்தான் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தாள். திகைக்கவில்லை.

“வாங்கோ” என்றாள். பின்னால் ‘அக்கா’ வரவில்லை.

வரவேற்பறையில் இருந்தேன். அவளின் கணவர் வெளியே போயிருந்தார். காரில் பாடமாக்கி வந்த எல்லாம் மறந்துபோனது.

“உம்மட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“என்னத்துக்கு?”

அவள் விடவில்லை. நான் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தாள்.

“அண்டைக்கு விரதமெண்டு சொன்னது பொய்.”

“அது தெரியும்.”

“நான் அப்பிடியான ஆளில்லை. உமக்குத் தெரியும்தானே?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். குரல் உயரவில்லை. “ரொறன்ரோவிலை உங்கடை அக்கா ஆரெண்டு தெரியாமல் விசாரிச்சது என்ரை பெரியம்மாவின்ரை மகளட்டை. அவள் எனக்கு வியாழக்கிழமையே எடுத்துச் சொல்லிப்போட்டாள். நீங்கள் விசாரிச்சால் எங்கடை பக்கமும் காது இருக்கும்தானே.”

அவள் தன் கணவரின் வெறும் கதிரையைக் காட்டினாள்.

“இவர் சொன்னவர், இனிப் போகாதையெண்டு. நான்தான் நிண்டு வாதாடினன். அவ அப்பிடி இல்லை, அந்தக் குழாய்க் கதையை எத்தினை தரம் கண்ணீர் வராத குறையாச் சொன்னவ எண்டு. விசாரிச்சு அறிஞ்சும் வந்தாவெண்டால் வீட்டிலை அவிச்சுக் குடுப்பமெண்டு நினைச்சன். ரண்டு வருசமா நான் ஏன் பைக்கற் உடைக்காமல் கொண்டுவந்தனான்? என்ரை கையாலை குடுத்து, ஒருத்தர் வேண்டாமெண்டு சொல்லி, அதை நான் திருப்பி எடுக்கிறது எனக்குப் புதிசில்லை. அந்த முதியோர் இல்லத்திலை எத்தினையோ வெள்ளைச் சனம் நான் சமைச்சதைத் திண்டுபோட்டு கையைப் பிடிச்சு நல்லாயிருக்கெண்டு சொல்லுதுகள். எங்கடை ஆள் ஒருத்தர் சொல்லக் கேக்கவேணுமெண்டு ஒரு ஆசை. விசர் ஆசை.”

“நான் பிழை விட்டுட்டன்” என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. என் அழுகை முடியும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளின் வீட்டுக்குப் போய் அவளுக்கு முன்னால் அழுதது நான் செய்த இன்னொரு பிழை என்று திரும்பி வரும்போது விளங்கியது.

“உம்மடை கையாலை ஏதாவது தாரும். நான் இப்பவே சாப்பிடுறன்” என்றேன். பிச்சை கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

எழும்பிக் குசினிக்குப் போனாள். கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. தேத்தண்ணியோடு வந்தாள். பிறந்தநாள் விழாக்களில் குடுக்கிற கடதாசிக் கப்பில் ஊற்றியிருந்தாள். அவளின் குசினித் தட்டில் பீங்கான் கோப்பைகள் வரிசையாகத் தொங்குவது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கப்பை என் கையில் தரவில்லை. எனக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்தாள்.

“கோப்பையிலை தந்தால் உங்களுக்கும் யோசினை, எனக்கும் யோசினை” என்றாள்.

நான் குடித்தேன். கொதிக்கக் கொதிக்க, நாக்கு வெந்தாலும் நிறுத்தாமல், அடி மண்டி வரைக்கும் குடித்தேன். நல்ல தேத்தண்ணி. நல்லாயிருக்கு என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை. வெறும் கப்பை அவளிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. குப்பை வாளி வெளிவாசலடியில் இருக்கிறது, போகும்போது போட்டுவிட்டுப் போங்கோ என்றாள்.